அணில் ஆடும் முற்றமும் சானோ துறையின் பனியும்

குறுந்தொகையின் 41-ஆம் பாட்டைப் பாடியவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. தொகுத்தவர்களுக்கே அது தெரியாமல் போயிருக்க வேண்டும். அதனால் அவருடைய பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்து அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்: அணிலாடு முன்றிலார். இப்படிப் பெயர் பெற்றவர்கள் அந்தத் தொகையில் இன்னும் பலர் உண்டு. செம்புலப்பெயனீரார், மீனெறி தூண்டிலார், குப்பைக் கோழியார், ஓரேருழவர். ஆள் மறைந்து, ஊர் மறைந்து, காலம் மறைந்து, அவர் கண்ட ஒரே ஒரு காட்சி மட்டும் அவர் பெயராக நின்றுவிட்டது. ஒரு கவிஞனுக்கு இதைவிடப் பெரிய விருதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பாட்டு சின்னது, ஆறே அடி. காதலன் பக்கத்தில் இருக்கும்போது திருவிழா நடக்கிற ஊரைப் போல மகிழ்ந்திருப்பேன் என்று தலைவி தோழியிடம் சொல்கிறாள். அவன் பிரிந்துபோன நாளில் எப்படி இருக்கிறாள்?

"மக்கள் போகிய அணில் ஆடு முன்றில்
புலப்பு இல் போலப் புல்லென்று
அலப்பென் தோழி, அவர் அகன்ற ஞான்றே."

பாலை வழியை ஒட்டிய ஒரு சிற்றூர். ஆட்கள் வீட்டை விட்டுப் போய்விட்டார்கள். முற்றத்தில் அணில் விளையாடுகிறது. அந்த வீட்டைப் போலப் பொலிவிழந்து தவிக்கிறேன் என்கிறாள்.

வெறிச்சோடிய வீட்டைக் காட்ட வேண்டுமென்றால் பெரும்பாலானவர்கள் அசைவே இல்லாத எதையாவது காட்டுவார்கள். தூசி, பூட்டு, சிலந்தி வலை. இவர் ஓடியாடுகிற ஓர் உயிரைக் கொண்டுவருகிறார். ஆள் நடமாட்டம் இருக்கும் முற்றத்தில் அணில் பயந்து பயந்துதான் இறங்கும். இங்கே ஆடுகிறது. விரட்ட யாரும் இல்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது. மேலே திருவிழா ஊரின் ஆரவாரம், கீழே அணிலின் ஆட்டம். இரண்டு பக்கமும் அசைவுதான். அந்த இரண்டு அசைவுக்கும் நடுவில் அவள் இழந்தது முழுவதும் இருக்கிறது.

இனி இதில் அந்தக் கவிஞர் சொந்தமாகக் கண்டுபிடித்தது என்ன என்று கணக்குப் பார்த்தால், மிஞ்சுவது கொஞ்சம்தான். தலைவன் பிரிவது, தலைவி தோழியிடம் சொல்வது, பிரிவென்றால் பாலை, பாலையென்றால் வறண்ட வழியும் பாழடைந்த ஊரும், எல்லாமே மரபு கொடுத்தவை. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று நிலமும் நேரமும் மரமும் பறவையும் மனநிலையும் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. நூற்றுக்கணக்கான புலவர்கள் இதே சூழலை, இதே பாத்திரங்களை வைத்துப் பாடியிருக்கிறார்கள். தலைவன் தலைவிக்குப் பெயர்கூட வைக்கக் கூடாது. இத்தனை கட்டுக்குள் இருந்துதான் அந்த அணில் வந்தது.

இதை நான் அடிக்கடி நினைக்கக் காரணம் எங்கள் அலுவலகத்தில் நடந்த ஒரு பயிற்சி. கிரியேட்டிவிட்டியை வளர்க்க என்று ஒருவரை வரவழைத்திருந்தார்கள். அவர் திரையில் ஒரு செங்கல்லின் படத்தைப் போட்டு, இதை என்னென்ன விதமாகப் பயன்படுத்தலாம், முடிந்தவரை எழுதுங்கள் என்றார். கதவுக்கு முட்டுக்கொடுக்கலாம், காகிதம் பறக்காமல் வைக்கலாம், பொடித்துப் பாத்திரம் துலக்கலாம் என்று எல்லோரும் எழுதினோம். யாரும் எழுதாததை எழுதியவருக்குக் கூடுதல் மதிப்பெண். கடைசியில் அவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் என்னை உறுத்தியது: நம் ஆசிய நாடுகளில் மரபுக்குக் கட்டுப்பட்டே வளர்கிறோம், அதனால்தான் நமக்குப் படைப்பாற்றல் குறைவு.

அந்தச் செங்கல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. 1950-இல் அமெரிக்க உளவியல் கழகத்தின் தலைவராக இருந்த ஜே. பி. கில்ஃபோர்ட், படைப்பாற்றலை உளவியலாளர்கள் கண்டுகொள்வதே இல்லை என்று ஓர் உரையில் குறைபட்டார். அதற்குப் பிறகுதான் அந்தத் துறை வேகம் பிடித்தது. எத்தனை யோசனைகள், எத்தனை வகை, எவ்வளவு அரிதானவை என்று அளக்கும் சோதனைகள் பெருகின. அளப்பதற்கு அவை வசதியானவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றின் உள்ளே ஒரு முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கிறது. மற்றவர்களிடமிருந்து எவ்வளவு விலகிப் போகிறாயோ அவ்வளவு நீ படைப்பாளி. எல்லோரும் சொன்ன அதே விடையைச் சொல்லி, அதை முதல்முறை கேட்பதுபோல ஆக்குகிற ஒருவரை அந்தச் சோதனை பார்க்கவே பார்க்காது. அணிலாடு முன்றிலார் அதில் தேறியிருக்க மாட்டார்.

இந்த விலகல் வழிபாடு மேற்கின் சொத்து, நம்முடையது வேறு என்று கோடு போடுவதும் எனக்குச் சம்மதமில்லை. அது அங்கேயும் பழசு கிடையாது. எட்வர்டு யங் என்ற ஆங்கிலக் கவிஞர் 1759-இல், முதுமையில், அசலான படைப்பைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அசல் படைப்பு செடியைப் போல மேதைமை என்ற வேரிலிருந்து தானே முளைக்கிறது, அது செய்யப்படுவதில்லை, வளர்கிறது என்றார். பிறகு வந்த கற்பனாவாதிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு முன்னால் ஐரோப்பியப் பிள்ளைகளும் ரோமக் கவிஞர் வெர்ஜிலைப் பார்த்து எழுதித்தான் கவிதை கற்றார்கள். ஷேக்ஸ்பியர் தம் கதைகளில் பெரும்பாலானவற்றைப் பிறரிடமிருந்து எடுத்தவர்தான். ஆக, இருநூற்றைம்பது வருஷப் பழக்கம் ஒன்றைக் கொண்டு இரண்டாயிரம் வருஷப் பழக்கங்களை அளந்து பார்த்துக் குறைவு என்கிறோம். கிழக்கா மேற்கா என்பதைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சரி, நம் பக்கத்தில் இதை யோசித்தே பார்க்கவில்லையா? நிறைய யோசித்திருக்கிறார்கள், அதுவும் ஆச்சரியப்படும் அளவு நுணுக்கமாக.

ஒன்பதாம் நூற்றாண்டுக் காஷ்மீரில், அவந்திவர்மன் காலத்தில் இருந்த ஆனந்தவர்த்தனர், கவிதையைப் பற்றிய தம் நூலான 'த்வன்யாலோக'த்தின் கடைசிப் பகுதியில் நேராக இந்தக் கேள்வியை எடுக்கிறார். வால்மீகி முதலானவர்கள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார்களே, இனி வருபவனுக்கு என்ன மிச்சம்? அவருடைய பதில்: முன்பே பார்த்த பொருள்கள்தான் என்றாலும், ரசம் என்ற உணர்வுச் சுவை ஏறியதும் வசந்தத்தில் மரங்களைப் போல எல்லாமே புதிதாகத் தெரிகின்றன. போன வருஷம் நின்ற அதே மரம்தான். அதை மறுபடி நட வேண்டியதில்லை.

அதோடு விடவில்லை. ஒரு கவிஞனின் பொருள் இன்னொருவனுடையதைப் போல இருந்தால் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று மூன்றாகப் பிரிக்கிறார். கண்ணாடியில் தெரியும் உருவம் போன்ற ஒற்றுமை ஒன்று. அதற்குச் சொந்த உடலே இல்லை, தள்ளிவிட வேண்டும். ஓவியத்தில் வரைந்த உருவம் போன்றது இன்னொன்று. அதற்கு உடல் உண்டு, ஆனால் தனக்கென்று சாரம் இல்லை, அதுவும் வேண்டாம். மூன்றாவது, ஒரே சாயலுள்ள இரண்டு மனிதர்களுக்கு இடையே இருக்கும் ஒற்றுமை. அதைக் கவிஞன் கைவிட வேண்டியதில்லை. சாயல் ஒன்றாக இருந்தாலும் உயிர் வேறு. இன்று 'காப்பியா, இன்ஸ்பிரேஷனா' என்று நாம் போடுகிற சண்டைகளில் இந்த அளவுக்குத் தெளிவாக யாராவது பேசிக் கேட்டிருக்கிறேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். அவருக்குப் பிறகு வந்த ராஜசேகரர் 'காவ்யமீமாம்சை'யில் சொற்களையும் பொருளையும் பிறரிடமிருந்து எடுத்துக்கொள்வது பற்றியே அத்தியாயங்களை ஒதுக்கினார். திருடாத கவிஞனும் இல்லை, திருடாத வணிகனும் இல்லை என்று ஒரு சுலோகம் அதில் வருகிறது. மறைக்கத் தெரிந்தவன் பழியில்லாமல் வாழ்கிறானாம்.

தமிழில் இந்த யோசனை இலக்கண நூல்களுக்குள் உட்கார்ந்திருக்கிறது. நூல்களை முதல்நூல், வழிநூல் என்று தொல்காப்பியமே பிரிக்கிறது. வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன், வினைக் கட்டிலிருந்து விடுபட்ட முதல்வன், கண்டதுதான் முதல்நூல். அதாவது, நம்மைப் போன்றவர்கள் செய்வதெல்லாம் வழிநூல். தொகுக்கலாம், விரிக்கலாம், இரண்டையும் சேர்த்துச் செய்யலாம், மொழிபெயர்க்கலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்க நன்னூல் என்ற இலக்கணம் செய்த பவணந்தி முனிவர் இதை இன்னும் கூர்மையாக்கினார்:

"முன்னோர் நூலின் முடிபு ஒருங்கு ஒத்துப்
பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி
அழியா மரபினது வழிநூல் ஆகும்."

முன்னோரின் முடிவோடு ஒத்துப்போக வேண்டும். கூடவே, பின்னால் வருபவன் தான் விரும்புகிற வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். அந்த நடு அடியைத்தான் நான் எத்தனை முறை படித்தாலும் நின்று பார்க்கிறேன். வேறுபாடு சொன்னால் மன்னிக்கலாம் என்றுகூட அவர் சொல்லவில்லை. வழிநூலின் இலக்கணத்திலேயே அதை வைத்துவிட்டார். விகற்பம் சொல்லாமல் முன்னோர் சொன்னதை அப்படியே ஒப்பித்தால், பவணந்தியின் கணக்கில் அது வழிநூலாகவே தேறாது.

கம்பன் இதை எப்படிச் செய்தான் என்பதற்கு மிதிலைத் தெரு ஒன்று போதும். வால்மீகியில் இராமன் வில்லை முறித்த பிறகுதான் சீதையின் திருமணம், அதற்கு முன்னால் இருவரும் பார்த்துக்கொள்ளும் காட்சி கிடையாது. கம்பனில் அவன் தெருவில் போகிறான், அவள் கன்னிமாடத்தில் நிற்கிறாள். "அண்ணலும் நோக்கினான், அவளும் நோக்கினாள்." ஏன் இதைக் கொண்டுவந்தான்? தமிழ் அக மரபில் திருமணத்துக்கு முன்னால் காதல் வர வேண்டும். வில்லின் பரிசாகக் கிடைத்த பெண்ணாகச் சீதையை விட்டுவிட அந்த மரபில் ஊறிய மனசுக்கு முடியவில்லை. ஒரு மரபின் கதைக்குள் இன்னொரு மரபின் உணர்வு வந்து கலந்தது. அப்புறம் அந்தக் கதையின் எடையே மாறிப்போகிறது. பின்னால் அசோகவனத்தில் அவள் படுகிற துயரத்துக்கு இந்த ஒரு பார்வைதான் அடியில் இருக்கிறது. இவ்வளவும் செய்தவன் அவையடக்கத்தில் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறான்? பாற்கடலைக் கண்டு முழுவதையும் நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனை என்று. அதை வெறும் சம்பிரதாயப் பணிவு என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. தனக்கு முன்னால் இருப்பது கடல் என்று தெரிந்தவன் பேசும் பேச்சு அது.

பவணந்தி நன்னூல் எழுதிய அதே காலத்தில், அவர் கேள்விப்பட்டே இருக்க முடியாத ஒரு நாட்டில், ஏறக்குறைய இதே விஷயத்தை இன்னொருவர் எழுதிக்கொண்டிருந்தார். ஜப்பானின் ஃபுஜிவாரா நோ தெய்க்கா, 1162 முதல் 1241 வரை வாழ்ந்தவர். பேரரசர் ஆணைப்படி 1205-இல் உருவான 'ஷின் கொகின்ஷூ' தொகுப்பைத் தொகுத்தவர்களில் ஒருவர். அவர் தம் கவிதை நெறிச் சிறுநூலில், உணர்வு புதிதாக இருக்கட்டும், சொல் பழையதாக இருக்கட்டும் என்றார். நல்ல பழைய கவிதையிலிருந்து வரிகளை எடுத்துப் புதுக் கவிதை கட்டுவது அங்கே ஓர் உத்தி. தெய்க்கா அதற்கு விதி வகுத்தார். ஐந்து அடிக் கவிதையில் மூன்று அடியை எடுத்தால் அதிகம், புதுமை போய்விடும். இரண்டு அடியும் மேலே மூன்று நான்கு எழுத்தும் வரை சரி. கடந்த எழுபது எண்பது ஆண்டுக்குள் எழுதியவர்களிடமிருந்து ஒரு வரிகூட எடுக்கக் கூடாது. பருவங்களைப் பாடிய கவிதையிலிருந்து எடுத்தால் காதலுக்குக் கொண்டுபோ, காதல் கவிதையிலிருந்து எடுத்தால் பருவத்துக்குக் கொண்டுபோ.

அவரே செய்து காட்டியது இது. எட்டாம் நூற்றாண்டில் உருவான 'மன்யோஷூ' தொகுப்பில் நாகா நோ ஒகிமாரோவின் ஒரு பாட்டு இருக்கிறது. வழிப்போக்கன் ஒருவன் புலம்புகிறான்: என்ன கொடுமை, மழை பிடித்துக்கொண்டதே, மிவா முனையில், சானோ துறையில், ஒதுங்க ஒரு வீடுகூட இல்லையே. நனைந்த மனிதனின் நேரான குரல். ஏறக்குறைய ஐந்நூறு வருஷம் கழித்து தெய்க்கா அதே துறைக்கு வருகிறார். குதிரையை நிறுத்தி, சட்டைக்கையில் படிந்ததைத் தட்டிவிட ஒரு நிழலும் இல்லை. சானோ துறை, பனி பெய்யும் மாலை. அவ்வளவுதான் பாட்டு.

மழை பனியாகிவிட்டது. புலம்பல் போய்விட்டது. வீடு இல்லை என்ற குறை, பனியைத் தவிர எதுவுமே இல்லாத ஒரு வெண்மையாக விரிந்துவிட்டது. குதிரையைப் பற்றியும் சட்டையைப் பற்றியும் ஒரு சொல் வருவதால், இல்லாத அந்த நிழலை நாம் தேடிப் பார்க்கிறோம். பழைய பாட்டு தெரியாதவருக்கும் இது அழகான பாட்டுதான். தெரிந்தவருக்கு, அந்தப் பனிக்கு அடியில் ஐந்நூறு வருஷத்துக்கு முன்பு பெய்த மழை கேட்கும். நனைந்துகொண்டு நின்ற அந்த வழிப்போக்கன் அங்கேயே இருக்கிறான். அவனை வெளியேற்றாமல் அவன் நின்ற இடத்தை மட்டும் மாற்றிவிட்டார் தெய்க்கா. ஆனந்தவர்த்தனர் சொன்ன மூன்றாவது வகைக்கு இதைவிட நல்ல உதாரணம் காஷ்மீரிலேயே கிடைத்திருக்குமா என்று தெரியவில்லை.

சீனத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் கடத்துகிறேன், படைப்பதில்லை என்று சொன்னவர் கன்பூசியஸ். சீனக் கையெழுத்துக் கலையின் உச்சம் என்று போற்றப்படுவது வாங் ஷிஜி 353-ஆம் ஆண்டு ஒரு வசந்த விருந்தில் எழுதிய 'ஆர்க்கிட் மண்டப முன்னுரை'. அதன் மூலம் இன்று இல்லை. டாங் பேரரசர் டாய்சோங்கோடு புதைக்கப்பட்டது என்பது வழக்கு. நம்மிடம் இருப்பதெல்லாம் நகல்கள்தான். அந்த நகல்களைப் பார்த்துத்தான் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளாகத் தலைமுறைகள் கைப்பழகின. அந்தச் சின்ன உரையில் 'ஜி' என்ற ஒரே எழுத்து இருபது முறை வருகிறது. இருபதும் வெவ்வேறு விதமாக எழுதப்பட்டிருக்கின்றன. அச்சடித்த பக்கத்தில் அதைத் தேடித் தேடிப் பார்த்த ஒரு மாலை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மொழி தெரியாத எனக்கே ஒன்று குனிந்திருப்பதும் ஒன்று நீண்டிருப்பதும் ஒன்று அவசரமாகக் கடந்துபோவதும் தெரிந்தது. ஒரே எழுத்து என்று தெரிந்ததால்தான் தெரிந்தது.

நான் சொல்ல வருவது இதைத்தான். புதுமையைப் பார்க்க ஒரு பொதுத்தளம் வேண்டும். அந்தத் தளத்தை எழுதுகிறவரும் கேட்கிறவரும் சேர்ந்து வைத்திருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் தெரிந்த ஒன்றில் இம்மி நகர்ந்தாலும் நகர்வு கேட்கும். தளமே இல்லையென்றால் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் அது இன்னொரு சத்தம்தான்.

என் அப்பா அரிசி ஆலையில் கணக்கு எழுதியவர். சங்கீதம் படித்ததில்லை, ஸ்வரம் தெரியாது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோயில் ஊர்வலங்களில் விடிய விடிய நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த காது மட்டும் இருந்தது. வீட்டில் டி. என். ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி ராகத்தின் கேசட் ஒன்று வைத்திருந்தார். தோடியில் பஞ்சமம் என்ற ஸ்வரத்தைத் தொடாமலே மத்திமத்திலிருந்து தைவதத்துக்குத் தாண்டிப் போகும் சஞ்சாரங்கள் உண்டு. பெரிய வித்வான்கள் அதையே பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவார்கள், கேட்கிறவன் பஞ்சமத்துக்காக ஏங்கும் வரை. அப்பாவுக்குப் பஞ்சமம் என்ற பெயர் தெரியாது. விரலை மட்டும் தூக்கிக்கொண்டு, "பாரு, அங்க இன்னும் வரல... இன்னும் வரல..." என்பார். வந்ததும் கையைத் தொடையில் தட்டி, "வந்துட்டார்" என்பார். முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு அப்போது எதுவும் புரியவில்லை, எனக்கு எல்லாம் ஒரே நாதமாகத்தான் இருந்தது. அந்த மேதை வாசித்தது இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அப்பாவுக்கு அதில் ஒரு கதை நடந்தது.

ராகத்தின் ஆரோகணமும் அவரோகணமும் பிடிகளும் எல்லோருக்கும் பொதுச்சொத்து. ராஜரத்தினம் பிள்ளை தோடியைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் தோடி என்றால் அவர் பெயரைச் சொல்லும் அளவுக்கு அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். மனோதர்மம் என்று நாம் சொல்வது இதைத்தான். அது கேட்பவர்கள் இல்லாமல் நடக்காது. கோயில் மணலில் உட்கார்ந்திருந்த பெயர் தெரியாத நூறு அப்பாக்களின் காதும் அந்தத் தோடியைச் செய்திருக்கிறது என்றுதான் நான் நம்புகிறேன்.

இவ்வளவு சொன்னபிறகு இன்னொன்றையும் சொல்லாமல் போனால் நியாயமில்லை. பொதுத்தளம் என்கிறேனே, அது யாருக்குப் பொது? அன்பின் ஐந்திணையில் காதலர்களாக வர யாருக்கு உரிமை என்று தொல்காப்பியம் பேசுகிறது. அடியோருக்கும் வினைவலருக்கும் அந்த ஐந்திணைக்குப் புறத்தேதான் இடம். உழைப்பவனின் காதல் உயர்ந்த பாட்டுக்கு ஆகாது என்று ஒரு மரபு முடிவு செய்தது. கலித்தொகையின் மருதக்கலியில் கூனி ஒருத்தியும் குறளன் ஒருவனும் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே காதலில் இணையும் 94-ஆம் பாட்டைப் படிக்கும்போது, அந்த வேலியைத் தாண்டி வந்த சிரிப்பும் கோபமும் எவ்வளவு உயிரோடு இருக்கின்றன என்று பார்க்கிறோம். நாகஸ்வரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வாசிப்பைக் கேட்டு உருகியவர்கள், வாசித்தவர்களைத் தங்களுக்குச் சமமாக உட்கார வைக்கத் தயாராக இல்லை. ராஜரத்தினம் பிள்ளை தோடிக்காகப் போராடியதைப் போலவே மேடையின் மரியாதைக்காகவும் போராட வேண்டியிருந்தது. மரபைப் பற்றிப் பெருமை பேசும் எந்தக் கட்டுரையும் இதைத் தாண்டிக் குதித்துப் போகக் கூடாது.

அப்புறம் பள்ளிக்கூடம். அந்தப் பயிற்சியாளர் சொன்ன 'மரபு' என்பது உண்மையில் நம் வகுப்பறைதானோ என்று எனக்குச் சந்தேகம். மழைநீர் சேகரிப்பு பற்றிக் கட்டுரை எழுது என்றால் நோட்ஸில் இருக்கும் கட்டுரையை முன்னுரை முதல் முடிவுரை வரை மனப்பாடம் செய்து எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் கிடைக்கிறது. ஒரு வரி தன் தெருவைப் பற்றி எழுதினால் சிவப்பு மை. இதற்கும் நன்னூலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பவணந்தி அந்த விடைத்தாளைத் திருத்தியிருந்தால், விகற்பம் எங்கே என்று கேட்டிருப்பார். மனப்பாடத்தை நான் குறை சொல்ல மாட்டேன். குறுந்தொகை நெஞ்சில் கிடக்கும் பிள்ளைக்கு அது வாழ்நாள் சொத்து. அதற்குமேல் ஓரடி எடுத்துவைக்க விடாத கைதான் எனக்குக் கோபமூட்டுகிறது. "பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல, கால வகையினானே" என்று நானூற்றுக்கும் மேற்பட்ட சூத்திரங்களுக்குப் பிறகு எழுதி வைத்த நன்னூலைப் பாடமாக வைத்துக்கொண்டே அதைச் செய்கிறோம்.

சில நண்பர்கள் சேர்ந்து சனிக்கிழமைகளில் சங்கப் பாட்டு வாசிக்கிறோம். அதில் ஒருநாள் புறநானூறு 112-ஐ எடுத்தோம். பாரி இறந்த பிறகு அவன் மகளிர் பாடியது.

"அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம், எம் குன்றும் பிறர் கொளார்."

போன பௌர்ணமியில் அப்பா இருந்தார், மலையும் எங்களுடையதாக இருந்தது. இந்த நிலவில் இரண்டும் இல்லை. வாசித்து முடிப்பதற்குள் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், "இது 'நறுமுகையே' பாட்டாச்சே" என்றாள். உண்மைதான். 1997-இல் வந்த 'இருவர்' படத்துக்கு வைரமுத்து எழுதிய பாட்டில் அற்றைத் திங்கள் வருகிறது. குறுந்தொகையின் யாயும் ஞாயும்கூட அதில் வருகிறது. அப்பாவையும் மண்ணையும் இழந்த இரண்டு பெண்களின் நிலவு, அங்கே காதலர்கள் கேள்வி கேட்டுக்கொள்ளும் நிலவாகிவிட்டது.

எங்களில் ஒரு பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. இழவுப் பாட்டை எடுத்துக் காதல் பாட்டாக்கலாமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்கு தெய்க்காவின் விதி ஞாபகம் வந்தது. எடுத்ததை வேறு உணர்வுக்குக் கொண்டுபோ என்பது. அடி எண்ணிக்கையும் எல்லைக்குள்தான் இருக்கிறது, எழுபது எண்பது ஆண்டு நிபந்தனைக்கும் குறைவில்லை. சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சோகம் தெரியாதவன் கேட்டால் அது வெறும் இனிமையான சொல்லாகத்தானே நின்றுபோகும் என்றார். அந்தப் பெண் அதற்குப் பதில் சொன்னாள்: "எனக்கு நேத்து வரைக்கும் அப்படித்தான் இருந்தது ஐயா. இனிமே அந்தப் பாட்டை அப்படிக் கேட்க முடியாது."

வாக்குவாதம் அன்று முடியவில்லை. அடுத்த வாரத்துக்கு அவளே இரண்டையும் தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். எந்தச் சொல் அப்படியே இருக்கிறது, எது நகர்ந்திருக்கிறது என்று அடிக்கோடு போட்டிருந்தாள். 'வெண்' என்ற சொல் போய்விட்டதைக் காட்டி, அது ஏன் போனது என்று பெரியவரிடம் கேட்டாள். மெட்டுக்காக இருக்கும் என்றார் அவர். பாரியின் மகள்களுக்குத்தான் அந்த வெளிச்சம் அவ்வளவு கண் கூசியிருக்கும் என்றாள் அவள். அதிலிருந்து மறுபடி பேச்சு தொடங்கியது.